பொதுவிடத்திற் புகைத்தல்



கந்தசட்டி விரதகாலத்தில் ஒருநாள் மாலை, பூசையும் திருமுறை ஓதலும் நிறைவேறியபின், நம்மூர்க் கோயில் மண்டபத்தில் நாம் செய்த பிரசங்கத்தை எழுதித் தருமாறு அன்பர் சிலர் வேண்டினர். அன்று பேசியவற்றோடு, பேச நாணி விடுத்த ஒன்றையுஞ் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

கட்டைபறிச்சானில் வாழ்வோர்க்குக் காற்றின் அருமையை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. கொட்டியாரக் குடாவிலே வள்ளந் தள்ளுபவரும், வயலிலே வரம்பு கட்டுபவரும், வாடைக்காற்றையுங் கச்சான் காற்றையும் முகத்திற் பட்டவுடனே இனங்காண்பர். அந்தக் காற்றுக்கு வேலியில்லை, காணியுறுதியில்லை, அதற்கு உரியவன் இவனென்று எவனையுங் காட்டமுடியாது. இவ்வாறு எல்லார்க்கும் பொதுவாகிய காற்றிலே, பலர் கூடுமிடத்தில், ஒருவன் தான் ஊதும் புகையைக் கலந்துவிடுதல் தகுமோ? அதனைத் தடைசெய்தல் நீதியோ, அன்றி ஒருவனுடைய சுதந்தரத்திற் பிறர் தலையிடுதலோ? இவ்வினாவே நாம் ஆராயப் புகுந்தது.

முதலில் அரசாங்கத்தார் விதித்ததை அறிவோம். புகையிலையைக் கட்டுப்படுத்தும்பொருட்டு உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த உடன்படிக்கை 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேறியது. இலங்கை அவ்வாண்டிலேயே அதனை ஏற்று உறுதிசெய்தது. அதன் வழியே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. புகையிலை, மதுசாரம் என்பவற்றுக்கான தேசிய அதிகாரசபையைத் தாபித்த சட்டம் அதுவே. மூடப்பட்ட பொதுவிடங்களிலே புகைத்தலும், 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலும், அப்பொருள்களை விளம்பரஞ் செய்தலும் அதனால் விலக்கப்பட்டன.

அச்சட்டம் பிறந்த 2006ஆம் ஆண்டை நம்மூரார் மறந்திலர். அவ்வாண்டிலே மூதூர்க் கிழக்கில் யுத்தம் மூண்டது. சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு புறப்பட்டு, வெருகலையும் வாகரையையுங் கடந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்றனர். கொழும்பிலே பாராளுமன்றத்தார் சுத்தமான காற்றுக்குச் சட்டஞ் செய்த ஆண்டிலே, நாம் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஊருக்கு மீண்டபோது சட்டம் நமக்கு முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆயினும் அதனை நமதென்று எண்ணியவர் சிலரே. ஆஸ்பத்திரிச் சுவரிலே ஓர் அறிவித்தற் பலகை, பஸ்ஸினுள்ளே சிவப்புக் கோடிட்ட ஒரு படம், அவ்வளவே நாம் அதனைக் கண்டது.

அன்றியும், மூடப்பட்ட இடமென்று சொல்லுதலால், அச்சட்டத்தின் எல்லை சுவரோடு முடிந்துவிடுகின்றது. நம்மூரிலோ பலர் கூடும் இடங்களிற் பெரும்பாலன சுவரில்லாதன. சந்தையும், பஸ் தரிப்பிடமும், தேநீர்க்கடை முன்றிலும், கோயில் வீதியும், மரணவீட்டுப் பந்தரும் அத்தன்மையனவே. சட்டம் எட்டாத அவ்விடங்களிலே தருமமே காவல்செய்தல் வேண்டும். அத்தருமம் யாது என்பதை இனி நோக்குவோம்.

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்னும் எட்டும் சிவபெருமானுக்குத் திருமேனியாம். இதனை அட்டமூர்த்தம் என்பர். ஐம்பூதங்களுக்கும் ஐந்து தலங்கள் உள. அவற்றுட் காற்றுக்குரியது திருக்காளத்தி. அங்கே கருவறையினுள்ளே வெளிக்காற்று வரும் வழியில்லாதவிடத்தும் ஒரு தீபம் அசைந்துகொண்டேயிருக்குமென்று தரிசித்தவர் கூறுவர். காற்று இறைவன் திருமேனியாயின், அதனை மாசுபடுத்துதல் அத்திருமேனியை மாசுபடுத்துதலேயன்றோ? கருவறை வாயிலிலே எச்சில் உமிழ நாம் நடுங்குகின்றோம். அப்பெருமான் எல்லாவுயிர்க்குமாக எழுந்தருளியிருக்குங் காற்றிலே நஞ்சை உமிழ நடுங்குகின்றிலம்.

இனி, நம் சரீரமும் சிவன் எழுந்தருளும் ஆலயமென்பது திருமூலநாயனார் உபதேசம். நாம் இளமையிலே மிஷனார் தாபித்த பாடசாலையிற் கற்றோம். அங்கேயும் சரீரம் கடவுளின் ஆலயமென்றே போதித்தனர். பிற்காலத்திலே திருமந்திரத்தைக் கற்றபோது, இருவேறு வழியாக வந்தும் ஒரே வாயிலை அடைந்தவர்போல மகிழ்ந்தோம். இவ்வுபதேசத்தினின்றும் பெறப்படுவது ஒன்றுண்டு. நம் சரீரம் ஆலயமாயின், பக்கத்திலே நிற்பவர் சரீரமும் ஆலயமே. தன் ஆலயத்தைத் தான் இடிக்க ஒருவனுக்கு உரிமையுண்டோ என்பது வாதத்துக்குரியது. பிறர் ஆலயத்தை இடிக்க உரிமையில்லை என்பதில் வாதமே இல்லை.

பக்கத்தில் நிற்பவர்க்கு அப்படி என்ன தீங்கு வந்துவிடும் எனின், கூறுவாம். சிகரெட்டோ பீடியோ சுருட்டோ எரியும்போது இருவகைப் புகை எழும். ஒன்று புகைப்பவன் உள்ளே இழுத்து வெளியே விடுவது. மற்றொன்று, அவன் இழுக்காத வேளையிலும் எரிநுனியிலிருந்து தானே எழுந்து காற்றிற் கலப்பது. இவற்றிலே 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைப்பன. யப்பான் தேசத்து ஹிராயாமா என்னும் ஆராய்ச்சியாளர், தாம் புகையாத மனைவியர் 90,000க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். மிகுதியாகப் புகைக்குங் கணவரோடு வாழும் பெண்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருகின்றதென்று 1981ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அப்பெண்கள் பீடியைக் கையாலுந் தொட்டவரல்லர். கணவர் விட்ட மூச்சை வாங்கினவரே. புகையிலையால் உலகிலே ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனரென்றும், அவருள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாம் புகையாதவரென்றும் உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கிட்டிருக்கின்றனர். கொலை பஞ்சமாபாதகங்களுள் ஒன்று. பகையில்லாமலும், ஆயுதமில்லாமலும், நண்பரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓருயிரின் நாளைக் குறைத்தல் கூடுமென்பதை இக்கணக்கு நமக்குக் காட்டுகின்றது.

இனி, மண்டபத்திற் பேச நாணி விடுத்ததை எழுதுகின்றோம். நாமும் புகைத்தவரே.

மாணவராயிருந்தபோது, புகையேன் மதுவருந்தேன் என்னும் பிரதிக்கினைப் பத்திரத்திலே ஆசிரியர் சொற்படி கையொப்பமிட்டோம். நாமே ஆசிரியராகி முதற்சம்பளம் பெற்ற மாதத்திலே அதனை மீறினோம். அக்குறை போதித்தவர்களுடையதன்று; நம்முடையதே. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் புகைத்தோம். வகுப்பறையிற் புகைத்ததில்லை, கோயிலினுள்ளே புகைத்ததில்லை. ஆதலால் ஒருவர்க்குந் தீங்கு செய்யாதவரென்றே நம்மை எண்ணிக்கொண்டிருந்தோம்.

2006இலே ஓடிச்சென்று மட்டக்களப்புப் பகுதியில் ஒரு முகாமிலே தங்கினோம். ஒரே தறப்பாளின்கீழ் நான்கு குடும்பங்கள். குடும்பத்துக்குங் குடும்பத்துக்கும் இடையிலே கட்டிய சேலைகளே சுவர். தொழிலில்லை, பாடசாலையில்லை, நாளை என்ன நடக்குமென்ற தெளிவுமில்லை. நாமும் அடுத்த குடும்பத்து ஆடவரும் மாறிமாறிப் புகைத்தோம். அப்போது நம் மகளுக்கு நான்கு வயது. மாரிமழை தொடங்கியதும் அவளுக்கு முட்டு வந்தது. இரவெல்லாம் அவள் மூச்சிழுக்கும் ஒலி அடுத்தடுத்த குடும்பத்தவர்க்கும் கேட்டது. பரிசோதித்த வைத்தியர், மருந்தெழுதுமுன்னே, “பிள்ளை படுக்கும் இடத்திலே புகைப்பவர் யார்?” என்று கேட்டார். பிள்ளை திரும்பி நம்மைப் பார்த்தாள். நாம் விடை சொல்லவேண்டியிருக்கவில்லை.

குண்டுக்குத் தப்புவித்து அவளைத் தோளிலே சுமந்துசென்ற நாமே, அவள் வாங்கும் மூச்சிலே நஞ்சைக் கலந்துகொண்டிருந்தோம். அன்றே புகைத்தலை விட்டொழித்தோமென்று எழுத ஆசைதான், அஃது உண்மையன்று. மூன்றுமுறை விட்டோம், மூன்றுமுறையும் மீளத் தொட்டோம். நான்காம் முறையே நிலைத்தது. மகள் இன்று வளர்ந்து நலமாயிருக்கின்றாள். ஆயினும் மாரி தொடங்கினால், அவள் உறங்கும் அறைவாயிலிலே நின்று மூச்சொலியைக் கேட்டபின்னரே நாம் படுக்கச் செல்வது இன்றும் வழக்கம்.

பிறர் நம்மேல் இரங்குதற்பொருட்டு இதனை எழுதினோமல்லம். பொதுவிடமென்பது யாது என்று நமக்குக் கற்பித்தது அந்த முகாமே. சுவருண்டு, சுவரில்லை என்பதுகொண்டு அதனைத் துணிதல் போதாது. ஒருவர் விட்ட மூச்சை மற்றொருவர் விலக்க வழியின்றி வாங்கவேண்டிய இடம் எதுவோ, அதுவே பொதுவிடம். புகைப்பவர் எழுந்து அப்பாற் போகலாம். குழந்தையும், நோயாளியும், கர்ப்பிணியும், பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் முதியவளும் எங்கே போவர்? தடை வேண்டுவது அவர்பொருட்டே.

இதன்மேற் சிலர் நிகழ்த்தும் ஆசங்கைகளுக்கு விடைகூறுவோம்.

சைவநூல்களிலே புகையிலை விலக்கப்பட்டிலதே எனின், அது விலக்கப்படாமைக்குக் காரணம் அக்காலத்தில் நம் நாடுகளில் அஃது இல்லாமையே. புகையிலை அமெரிக்க கண்டத்துக்குரிய செடி. 1492ஆம் ஆண்டிலே கொலம்பசு அங்கே சென்றபின்னரே ஏனைத் தேசங்களுக்குப் பரவியது. நாயன்மார் கண்டறியாத பொருளை அவர் பெயர்கூறி விலக்குதல் எங்ஙனம்? பிறவுயிர்க்குத் தீங்கு செய்யலாகாதென்னும் பொதுவிதி உண்டு. புதிதாக வந்த தீங்குகளும் அதனுள் அடங்கும்.

புலவர்களும் புகையிலையைப் பாடினரே, தெய்வமும் அதனை ஏற்றதே என்பர் வேறு சிலர். உண்மையே. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனியாண்டவர்பாற் புகையிலையைத் தூதுவிடுவதாகவே ஒரு பிரபந்தம் செய்தனர், அதனை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு உதவினர். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள விராலிமலையிலே முருகக்கடவுளுக்குச் சுருட்டு நிவேதிக்கப்படுகின்றது. குளிரால் நடுங்கிய ஒருவருக்கு அன்பனொருவன் தன் கையிலிருந்த சுருட்டைக் கொடுத்தானென்றும், வந்தவர் முருகப்பெருமானே என்றும் அங்கே கதை வழங்குகின்றது. நம் நாட்டிலுங் காவற்றெய்வங்களுக்கு மடைவைக்கும்போது சுருட்டு வைப்போர் உளர்.

இதற்கு விடை திருக்காளத்தியிலேயே இருக்கின்றது. வேடராகிய கண்ணப்பர் தாம் மென்று சுவைபார்த்த ஊனைக் காளத்தியப்பருக்கு ஊட்டினார்; பெருமான் ஏற்றார். அதுகொண்டு சைவர் எவரும் புலாலை நிவேதனமாகக் கொண்டிலர். ஏற்கப்பட்டது ஊனன்று, ஊட்டியவருடைய அன்பே. அங்ஙனமே, விராலிமலைக் கதையிலே ஏற்கப்பட்டது குளிரால் நடுங்கியவரைக் கண்டு தன்னிடமிருந்ததைக் கொடுத்த இரக்கமே. சீனிச்சர்க்கரைப் புலவர் காலத்திலே புகையிலையின் தீமையை இன்றுபோல் அறிந்தாரிலர். புகைத்தலுக்குஞ் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்திலே டோல், ஹில் என்னும் இருவர் ஆராய்ந்து வெளியிட்டது 1950ஆம் ஆண்டிலேயே. அறியாதவர் அன்பினாற் செய்ததை, அறிந்த நாம் நமக்குச் சாட்சியாகக் காட்டுதல் முறையன்று.

வேள்விப்புகையும் சாம்பிராணிப்புகையும் புகையல்லவோ எனின், அவையும் புகையே. மூடிய அறையிலே மிகுந்தால் மூச்சுநோயுடையார்க்கு அவையுந் துன்பமே தரும். ஆதலாற் கோயிலிலே காற்றோட்டத்துக்கு வழி திறந்துவைத்தல் நம் கடமை. ஆயின் ஒரு குற்றத்தைக் காட்டி மற்றொரு குற்றத்தை நிலைநாட்டுதல் வழக்காடுவோர்க்குப் பொருந்தும். உண்மை தேடுவோர்க்குப் பொருந்தாது.

என் வினைப்பயனை நான் அனுபவிக்கின்றேன், உமக்கென்ன எனின், அதுவே நாங் கேட்பதும். வினை செய்தவனே அதன் பயனை நுகர்வான் என்பது நம் சித்தாந்தம். பிறரைத் தீண்டாது, தனித்த வெளியிலே ஒருவன் புகைப்பானாயின், அவனுக்காக நாம் வருந்துவோம், அவனை மறிக்கமாட்டோம். ஆயின், தான் செய்யும் வினையின் கேட்டைப் பக்கத்துக் குழந்தையின் நெஞ்சிலே ஏற்றிவிட்டு, இஃது என் சுதந்தரமென்றல் எந்த நூலுக்கும் ஒவ்வாது.

இனி, ஏழைகளின் பிழைப்பைப்பற்றிய ஆசங்கை ஒன்றுண்டு. அதனை இகழ்ந்து தள்ளல் ஆகாது. யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் தோட்டக்காரர் பலருடைய வீட்டிற்குச் சோறும், பிள்ளைகளுக்குக் கல்வியும் ஈந்தது புகையிலைப் பயிரே. அந்தப் புகையிலையை வாங்கிய பெருஞ்சந்தை திருவிதாங்கூர். அத்திருவிதாங்கூரையுந் தன்னுட்கொண்ட கேரளத்திலே, 1999ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பொதுவிடத்திற் புகைத்தல் சட்டவிரோதமென்றும், பிறருடைய உயிர்வாழும் உரிமைக்கு மாறானதென்றும் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டிலே இந்திய உச்சநீதிமன்றமும் அவ்வழியே பொதுவிடத் தடையை விதித்தது. 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தியடிகள் பிறந்தநாளிலே, இந்தியா முழுவதற்குமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அயர்லாந்து தேசத்தார் 2004ஆம் ஆண்டிலேயே மூடப்பட்ட தொழிலிடங்கள் யாவற்றிலும், மதுச்சாலைகளிலுங்கூட, புகைத்தலை விலக்கினர். பொதுவிடத் தடையென்பது பயிரிடுதலையும் விற்பனையையும் ஒரேநாளில் நிறுத்துவதன்று. புகைக்கும் இடத்தையே அது வரையறுக்கின்றது. புகையிலையால் வாழ்வோர் வேறு பயிருக்கும் வேறு தொழிலுக்கும் மாற வழிகாட்டுதல் அரசாங்கத்துக்குஞ் சமூகத்துக்கும் உரிய கடமை. அதுவரையுங் குழந்தைகள் புகையைக் குடித்துக்கொண்டிருக்கவேண்டுமென்பது நியாயமன்று.

இவ்வளவும் எழுதியபின், நம்மைத் தடுத்து நிறுத்திய ஒரு சொல்லையும் மறையாது கூறவேண்டும்.

சில ஆண்டுகளுக்குமுன் கோயிற் சபைக் கூட்டத்திலே நாமே ஒரு பிரேரணை கொண்டுவந்தோம். உள்வீதி வெளிவீதி இரண்டிலும் புகைத்தல் கூடாது. மீறுவோர் தண்டப்பணம் கட்டவேண்டும். கட்டாதவர் திருவிழா உபயத்திலே பங்குபற்றலாகாது என்பது அது. எல்லாரும் சம்மதித்தனர். அப்போது முறையிலே நமக்குப் பெரியப்பாவாகிய ஒரு முதியவர் எழுந்தார். வயலிலே உழைத்து முதிர்ந்தவர். இளமைதொட்டுச் சுவாமி தூக்குபவர். பீடிக்கட்டு மடியில் இல்லாமல் அவரை நாங் கண்டதில்லை. அவர் சொன்னார்: “தம்பி, நீ சொல்வதெல்லாம் சரி. இந்தச் சனியன் என்னை அறுபது வருஷமாகப் பிடித்திருக்கிறது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நான் வெளியே போகாமல் இருக்க முடியாது. தண்டங் கட்டவும் என்னிடங் காசில்லை. ஆகையால், சுற்றிவளைக்காமல், பெரியப்பா கோயிலுக்கு வரவேண்டாமென்றே பலகையில் எழுதிப்போடு.”

சபையிலே ஒருவரும் பேசவில்லை. நமக்கோ மாவிட்டபுரம் நினைவுக்கு வந்தது. 1968ஆம் ஆண்டிலே அக்கோயில் வாயிலில் நின்ற அடியார்களை உள்ளே விடாது தடுத்தவர்களுந் தூய்மையின் பெயராலேயே தடுத்தனர். சைவ சமூகம் விலக்கிவைக்கக் கற்ற சமூகம். அக்கல்வியை நாம் மறக்க முயலும் இக்காலத்திலே, புதிய ஒரு தூய்மையின் பெயரால் மீண்டும் ஒருவரை வாயிலில் நிறுத்தப் பார்த்தோம். கண்ணப்பரை விலக்க நினைத்தவர் தீயவரல்லர். சிவகோசரியார் தூய ஆசாரமுடையவர். சந்நிதியிலே ஊனைக் கண்டு உண்மையாகவே நெஞ்சம் புண்பட்டவர். அவருக்கும் பெருமான், அவ்வேடனுடைய அன்பை நீ அறியாயென்றே கனவிலே உணர்த்தினார். காற்றுக்குரிய தலத்திலே நடந்த கதை இது. காற்றைக் காக்கப் புறப்பட்ட நாம் அதனையே மறந்திருந்தோம்.

பிரேரணையை மீட்டுக்கொண்டு, வேறு விதமாகத் தீர்மானித்தோம். இரு வீதிகளிலும் புகைத்தல் கூடாதென்னுந் தடையை நீக்கவில்லை. அதிலே தளர்வு கூடாது. தண்டத்தையும் உபய விலக்கையும் நீக்கினோம். வீதிக்கு அப்பால், சனங் கூடாத பக்கத்திலே, ஒரு மரத்தடியைக் காட்டி, விடமுடியாதவர் அங்கே சென்றுவரலாமென்றோம். சிறுவரை அங்கே அனுப்புதலும், சிறுவரைக்கொண்டு பீடி வாங்குவித்தலும் கூடாவென்றோம். பெரியப்பா இன்னும் பீடியை விட்டிலர். ஆயினுந் திருவிழாவிலே வீதியில் யாராவது இளைஞன் சிகரெட்டைப் பற்றவைத்தால், நாம் கண்டு சொல்லுமுன்னே அவர் சென்று, “வா தம்பி, எங்கட இடம் அங்கே” என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்கின்றார். தண்டப்பணம் இதனைச் செய்திருக்குமென்று நாம் எண்ணவில்லை.

ஆகவே, சைவர்களாகிய நமக்குரிய விதி இதுவென்று துணிகின்றோம்: பொதுவிடத்திலே புகையை விலக்குக, புகைப்பவரை விலக்கற்க. முன்னதை விட்டாற் குழந்தைக்குத் துரோகஞ் செய்தவராவோம். பின்னதை விட்டாற் சிவனடியார்க்குத் துரோகஞ் செய்தவராவோம்.

புகைப்பவர் தம் அடிமைத்தனத்தினின்றும் நீங்க வழியுண்டோ எனின், உண்டு. நம் கண்முன்னே உண்டு. மூதூரிலே நம் அயலவராகிய முஸ்லிம் சகோதரர் றமழான் நோன்புக் காலத்திலே விடியற்காலந் தொடங்கி அந்திவரை புகையைத் தொடார். தொட்டால் நோன்பு முறியும். அவருள் நாள்முழுதும் புகைத்துப் பழகியவரும் அம்மாதம் முழுவதும் பகலிலே நிற்கின்றனர். நம்மவருள்ளும் கந்தசட்டியின் ஆறு நாளும், ஐயப்ப விரதத்தின் நாற்பத்தொரு நாளும் புகையை விட்டிருப்போர் பலர். வைத்தியநூலாரும் இதற்கு இணங்கவே கூறுவர். நிக்கொட்டீன் என்னும் நஞ்சின் வேட்கை முதல் மூன்று நாளிலே மிகுந்து, சில வாரங்களிலே தணியும். விட்டு ஓராண்டு கழிந்தால், புகைத்தலால் வரும் இருதயநோயின் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆறு நாள் நிற்கக்கூடியவர் கடினமான பகுதியைக் கடந்துவிட்டவரே. விரதம் முடிந்த மறுநாட் காலையிலே கடைக்குச் செல்லும் அந்த ஓரடியை வையாதிருத்தலே எஞ்சியது. வைத்துவிட்டாலும் மனந்தளரவேண்டாம், நான்காம் முறையும் முயலலாமென்பதற்கு நாமே சாட்சி.

இறுதியாக, சட்டத்துக்குக் காத்திராமல் நாளையே நாஞ் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். நம் மரணவீடுகளிலே வருபவர்க்கு வெற்றிலைத் தட்டம் வைக்கும்போது, அதன்மேற் பீடியுஞ் சிகரெட்டும் வைக்கும் வழக்கம் நிலவுகின்றது. புகையாலே சுவாசப்பை அழிந்து இறந்தவருடைய வீட்டிலும் அதனைக் கண்டிருக்கின்றோம். பந்தரின் ஒருபுறத்திலே பிரேதம் கிடக்கின்றது. மறுபுறத்திலே அவரைக் கொன்ற பொருள் உபசாரமாக நீட்டப்படுகின்றது. புகையாத இளைஞனும் அன்று ஒன்றை எடுக்கின்றான். எடுக்காவிடின் வீட்டாரை மதியாதவனாவானென்று அஞ்சுகின்றான். பலர் முதன்முதற் பழகுவது அங்கேதான். குழந்தைகளுடைய தாய்மார் இரவுமுழுதும் அப்புகையிலே விழித்திருக்கின்றனர்.

இத்தட்டத்தை வைக்கச் சொல்லிய ஆகமம் யாதுமில்லை; தடுக்கப் பொலிசாரும் வரவேண்டுவதில்லை. வைப்பவர் நாமே, எடுத்துவிடவேண்டியவரும் நாமே. வெற்றிலையிருக்கட்டும், வருபவர்க்குத் தேநீர் இருக்கட்டும், பீடியும் சிகரெட்டும் வேண்டாம். நம் வீட்டாரிடம் நாம் இப்போதே சொல்லிவைத்திருக்கின்றோம். நம் உயிர் பிரியும் நாளிலே நம் முற்றத்தில் அந்தத் தட்டம் இருத்தலாகாது. சிவபுராணம் ஓதுவோருடைய மூச்சு அன்றாவது தடையின்றிச் செல்லவேண்டும். இதனை வாசிக்கும் அன்பர்களும் தத்தம் வீட்டிலே இவ்வாறு சொல்லிவைப்பார்களாக. பத்து வீடுகளிலே தொடங்கினால் ஊர் முழுவதும் மாற நெடுங்காலம் செல்லாது.

காற்றாய் நின்று நம்மை வாழ்விக்குஞ் சிவபெருமான் திருவருளால், நம்மூரிலே பிறக்குங் குழந்தைகள் யாவரும் தூய மூச்சை வாங்கி நீடு வாழ்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.